ஐ.இ.எல்.டி.எஸ். ரைட்டிங்கில் இரண்டு முறையும் 6 தான்: எதை மாற்றினால் 6.5 வரும்?

குமரிச் செவிலி:

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். பிரிட்டனில் செவிலியர் பதிவு பெறுவதற்காக ஐ.இ.எல்.டி.எஸ். அகாடெமிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டேன். 2024 ஆகஸ்டில் லிசனிங் 7, ரீடிங் 6.5, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் 6 என்று வந்தது. 2025 ஜனவரியில் லிசனிங் 8, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 7 என்று ஏறிய பிறகும் ரைட்டிங் மட்டும் அதே 6-இல் நின்றுவிட்டது. அங்குள்ள செவிலியர் மன்றமான என்.எம்.சி. முதல் மூன்றிலும் 7-உம் ரைட்டிங்கில் 6.5-உம் கேட்பதால், மொத்தம் 7 இருந்தும் அரைப் பேண்ட் (மதிப்பெண் படி) குறைவால் விண்ணப்பிக்க முடியாமல் இருக்கிறேன்.

இரண்டு தேர்வுகளுக்கும் இடையில் நான் சும்மா இருக்கவில்லை. ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். அங்கே கட்டுரைக்கென்று ஒரு டெம்ப்ளேட் தந்து, முன்னுரை, இரண்டு பத்திகள், முடிவுரை ஆகிய நான்கின் தொடக்க வாக்கியங்களையும் மனப்பாடம் செய்துகொண்டு, இடையில் தலைப்பைப் பொருத்தினால் போதும் என்றார்கள். அதோடு முந்நூறு கடினமான சொற்கள் கொண்ட பட்டியலையும் படித்து முடித்தேன். இரவுப் பணி முடிந்து வந்தும் எழுதி எழுதி, நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் சேர்ந்துவிட்டன. அவற்றில் பிழை திருத்தி மையத்தில் யாரும் தந்ததில்லை. தாளின் தலையில் ஒரு மதிப்பெண் மட்டும் இருக்கும், அது பெரும்பாலும் 7 ஆக இருக்கும்.

இனி மூன்றாவது முறை எழுதுவதா, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.க்கு மாறிவிடுவதா, அல்லது ஜனவரித் தாளை மறுமதிப்பீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்க முடியவில்லை. நான்கு பிரிவுகளையும் ஒரே தேர்வில் எட்டியாக வேண்டும் என்று ஏஜென்ட் சொல்வதால், மறுபடி எழுதி ரீடிங்கில் சறுக்கிவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மதுரை ஆங்கில ஆசிரியர்:

வணக்கம் அம்மா. மதிப்பெண்ணை மட்டும் வைத்து நோயைச் சொல்ல முடியாது என்பது உங்களுக்கே தெரியும். பரிசோதனை முடிவுகள் வேண்டும். அண்மையில் எழுதிய கட்டுரை ஒன்றின் கேள்வி என்ன, அதற்கு ஒவ்வொரு பத்தியிலும் என்ன எழுதினீர்கள், மொத்தம் எத்தனை சொற்கள் வந்தன, 60 நிமிடத்தை வரைபடத்தை விவரிக்கும் டாஸ்க் 1-க்கும் கட்டுரையான டாஸ்க் 2-க்கும் எப்படிப் பிரித்தீர்கள் என்ற விவரங்களைத் தாருங்கள். கட்டுரையை அழகுபடுத்தாமல், நீங்கள் எழுதியபடியே பிழைகளோடு சொன்னால்தான் பயன்.

குமரிச் செவிலி:

மிக்க நன்றி ஐயா. கேள்வி இது: முதியோரைப் பராமரிப்பது குடும்பத்தின் பொறுப்பு என்று சிலரும், அரசின் பொறுப்பு என்று வேறு சிலரும் கருதுகிறார்கள், இரு கருத்துகளையும் விவாதித்து உங்கள் கருத்தையும் கூறுக. நான் முதல் பத்தியில் முதியோர் இல்லங்களின் நன்மைகளையும், இரண்டாம் பத்தியில் அவற்றின் தீமைகளையும் எழுதி, எல்லாவற்றுக்கும் நன்மையும் தீமையும் உண்டு என்று முடித்தேன். மொத்தம் 380 சொற்கள் வந்தன. ஒவ்வொரு பத்தியும் 'ஃபர்ஸ்ட்லி', 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்' என்ற வரிசையில் போகும்.

டாஸ்க் 1-க்கு ஏறத்தாழ 30 நிமிடம் ஆகிவிடுகிறது. வரைபடத்தில் உள்ள எந்த எண்ணையும் விட்டுவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் எழுதிவிடுவேன். வீட்டில் என் அண்ணன் படித்துப் பார்த்து, 'ஓல்டு பீப்பிள்ஸ்', 'மெடிக்கல் எக்விப்மென்ட்ஸ்', 'தி நர்ஸ் டேக் கேர்' என்று சில இடங்களில் வட்டமிட்டுத் தந்தார். அவை சிறு பிழைகள்தானே என்று விட்டுவிட்டேன்.

மதுரை ஆங்கில ஆசிரியர்:

இப்போது தெளிவாகிறது. உங்கள் ஆங்கிலம் 6-இல் நிற்கவில்லை. நீங்கள் எழுதும் முறைதான் அங்கே நிற்கிறது.

முதலில் கேள்வியைப் பாருங்கள். குடும்பமா, அரசா என்று கேட்டிருக்கிறார்கள். நீங்கள் முதியோர் இல்லம் நல்லதா, கெட்டதா என்ற வேறொரு கேள்விக்கு விடை எழுதியிருக்கிறீர்கள். அரசின் தரப்பு உங்கள் கட்டுரையில் பெயரளவுக்குக்கூட வரவில்லை. உங்கள் சொந்தக் கருத்தும் இல்லை. எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கம் உண்டு என்பது கருத்து ஆகாது. ரைட்டிங்குக்கு நான்கு அளவுகோல்கள் உள்ளன: கேள்விக்குப் பொருந்திய விடை, கருத்துகளின் கோவை, சொல்வளம், இலக்கணம். நான்கிற்கும் சம எடை. முதல் அளவுகோலில் விழுந்த பள்ளத்தை முந்நூறு சொற்களை மனப்பாடம் செய்து நிரப்ப முடியாது. டெம்ப்ளேட்டின் தீங்கும் இதுதான்: நன்மை தீமைக் கட்டுரைக்குச் செய்த அச்சு எந்தக் கேள்வி வந்தாலும் அதை நன்மை தீமைக் கேள்வியாகவே மாற்றிவிடுகிறது. மனப்பாட வாக்கியங்களை அடையாளம் காணத் தேர்வாளர்களுக்குப் பயிற்சியும் உண்டு. 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்' ஆகியவை தவறான சொற்கள் அல்ல என்றாலும், கருத்துக்குத் தேவை இருக்கிறதோ இல்லையோ ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் அவற்றைச் சூட்டுவதை இயந்திரத்தனமான இணைப்பு என்று 6-ஆம் பேண்டின் விவரிப்பே குறிப்பிடுகிறது.

அடுத்தது நேரம். டாஸ்க் 2-க்கு டாஸ்க் 1-ஐப் போல இரண்டு மடங்கு எடை உண்டு என்பதால் 20 நிமிடம், 40 நிமிடம் என்று பிரிக்கச் சொல்கிறார்கள். நீங்கள் குறைந்த எடைக்குப் பாதி நேரத்தைக் கொடுத்துவிட்டீர்கள். டாஸ்க் 1-இல் எல்லா எண்களையும் எழுதுவது திறமையன்று. நீங்கள் பணி முடிந்து அடுத்த ஷிஃப்ட் செவிலிக்கு ஹேண்ட்ஓவர் கொடுக்கும்போது, இரவு முழுவதும் குறித்த நாடித்துடிப்பு எண்களை வரிசையாக ஒப்பிப்பீர்களா? இரத்த அழுத்தம் நள்ளிரவுக்குப் பின் இறங்கியது, காய்ச்சல் விட்டுவிட்டது என்று போக்கை முதலில் சொல்லி, அதற்குச் சான்றாக இரண்டொரு எண்களைச் சொல்வீர்கள். அந்தப் போக்கைச் சொல்லும் இரண்டு வாக்கியங்களைத்தான் ஓவர்வியூ என்கிறார்கள். அது இல்லாத டாஸ்க் 1 எத்தனை எண்களைச் சுமந்தாலும் உயர்ந்த பேண்டைத் தொடாது.

பிழைகளைச் சிறியவை என்று ஒதுக்கிவிட்டீர்கள். அங்கேதான் நான் உங்களோடு வேறுபடுகிறேன். இலக்கணத்தில் 7 பெற, பிழையே இல்லாத வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும். வாக்கியத்துக்கு ஒரு சிறு பிழை என்றால், பொருள் தெளிவாக விளங்கினாலும் பிழையற்ற வாக்கியம் ஒன்றுகூட மிஞ்சாது. நம்மவர்களின் பிழைகளில் பெரும்பாலானவை தமிழிலிருந்து வருபவை. 'நான்கு மாத்திரை கொடுத்தேன்' என்பது தமிழில் இயல்பு. எண் முன்னால் நிற்பதால் 'கள்' தேவையில்லை. அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் எண்ணுக்குப் பின் 'எஸ்' விடுபடுகிறது. அதை ஈடுசெய்வதுபோல, 'எஸ்' சேரவே கூடாத 'எக்விப்மென்ட்', 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்' ஆகியவற்றோடு அதை ஒட்டிவிடுகிறோம். 'தி' என்ற சொல்லுக்குத் தமிழில் இணையே இல்லை என்பதால் அதை எங்கே இடுவது, எங்கே விடுவது என்ற தயக்கம் எழுத்து முழுவதும் தெரியும். மூன்றாவது, காற்புள்ளி. வந்து, பார்த்து, மருந்து கொடுத்து, சென்றார் என்று எச்சங்களைக் காற்புள்ளியால் கோத்துக்கொண்டே போகத் தமிழ் இடம் தரும். ஆங்கிலத்தில் இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் மட்டும் ஒட்டினால் அது பிழை.

ஆகவே புதிய கட்டுரைகளை இப்போதைக்கு நிறுத்துங்கள். பழைய நாற்பதில் பத்தை எடுத்து, ஒவ்வொரு பிழையையும் மேலே சொன்ன வகைகளில் எண்ணி ஒரு நோட்டில் குறியுங்கள். எந்த வகை அதிகம் என்று தெரிந்த பிறகு, தேர்வில் கடைசி ஐந்து நிமிடத்தில் அந்த வகையை மட்டும் தேடித் திருத்தலாம். கட்டுரை 250 சொற்களுக்குக் குறையக் கூடாது. 280-ஐத் தாண்ட வேண்டிய அவசியமும் இல்லை. நூறு சொற்களைக் குறைத்தாலே அவற்றில் இருந்த பிழைகளும் போய்விடும்.

தென்காசி இளைஞன்:

மன்னிக்கவும், எனக்குச் சொற்பட்டியல் உதவியது. அரிய சொற்கள் இல்லாமல் சொல்வளத்தில் 7 கிடைக்காது என்பதே என் அனுபவம்.

மதுரை ஆங்கில ஆசிரியர்:

அரிய சொல் வேண்டும் என்பது உண்மைதான் தம்பி; ஆனால் அது தன் இயல்பான துணைச் சொல்லோடு, சரியான இடத்தில் வர வேண்டும். 'பெட் சோர்', 'பாலியேட்டிவ் கேர்', 'ரெஸ்பைட் கேர்' ஆகியவை இந்தச் சகோதரிக்கு அன்றாடச் சொற்கள். முதியோர் பராமரிப்பைப் பற்றிய கட்டுரையில் அவற்றைவிடப் பொருத்தமான சொல்வளம் வேறில்லை. பட்டியலில் இருந்ததால் நுழைந்த சொல், இரவல் நகைபோல எட்ட நின்றே தெரியும்.

லீட்ஸ் செவிலியர்:

தங்கைக்கு வணக்கம். நான் இதே வழியில் வந்தவள். எழுத்தைப் பற்றி ஐயா சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் உங்கள் ஏஜென்ட் சொன்னது சரியன்று, அதனால் உங்கள் திட்டமே மாறக்கூடும்.

என்.எம்.சி. இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்த்து ஏற்றுக்கொள்கிறது. 2023 பிப்ரவரி முதல் அதற்கான கால இடைவெளி ஆறு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக நீட்டிக்கப்பட்டது. இரண்டு முறையும் நான்கு பிரிவுகளையும் எழுதியிருக்க வேண்டும். எந்தத் தேர்விலும் லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் 6.5-க்கும், ரைட்டிங் 6-க்கும் கீழே இறங்கியிருக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது தேவையான மதிப்பெண் ஒவ்வொரு பிரிவிலும் ஒரு முறையாவது வந்திருக்க வேண்டும். உங்கள் ஜனவரித் தேர்வு இந்த நிபந்தனைகளுக்குள் அடங்குகிறது. எனவே 2026 ஜனவரிக்குள் மூன்றாவது தேர்வை எழுதி ரைட்டிங்கில் 6.5 எடுத்துவிட்டால், ரீடிங் 6.5-க்கு இறங்கினாலும் கவலையில்லை. 7 என்பது ஜனவரியில் ஏற்கெனவே வந்துவிட்டது.

ஓ.இ.டி. பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதன் ரைட்டிங் நமக்கு அணுக்கமானது என்பது உண்மை. நோயாளியின் குறிப்புகளைத் தந்து, 180 முதல் 200 சொற்களில் ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதச் சொல்வார்கள். படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம். என்.எம்.சி. அதில் ரைட்டிங்குக்கு 'சி பிளஸ்' கிரேடும் மற்ற மூன்றுக்கும் 'பி' கிரேடும் கேட்கிறது. ஆனால் ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண்ணை ஓ.இ.டி.யோடு சேர்க்க முடியாது என்பதால், மாறினால் உங்கள் 8-உம் இரண்டு 7-களும் வீணாகி, நான்கையும் புதிதாக எட்ட வேண்டியிருக்கும். கட்டணமும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அரைப் பேண்டுக்காக அவ்வளவு கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கடிதம் எழுதுவது எளிது என்று நினைத்து மாறி, தேவையற்ற குறிப்புகளையெல்லாம் கடிதத்தில் நுழைத்து மதிப்பெண் இழந்த தோழியர் எனக்கு உண்டு. எல்லா எண்களையும் எழுதும் உங்கள் பழக்கம் அங்கேயும் உங்களை விடாது.

மறுமதிப்பீட்டுக்குத் தேர்வு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். ஒரு பிரிவை மட்டும் திரும்ப எழுதும் ஒன் ஸ்கில் ரீடேக் வசதிக்கும் 60 நாள் வரம்பு உண்டு. உங்களுக்கு இரண்டும் கடந்துவிட்டன.

குமரிச் செவிலி:

அக்கா, மதிப்பெண்களைச் சேர்க்கலாம் என்பதைப் படித்ததும் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஜனவரி முடிவு வந்த அன்றே இது தெரிந்திருந்தால் இத்தனை மாதம் ரீடிங் பயிற்சியில் பாதி நேரத்தைக் கழித்திருக்க மாட்டேன். என்.எம்.சி.யின் இணையதளத்திலும் படித்து உறுதி செய்துகொண்டேன். ஐயா சொன்னபடி பத்துக் கட்டுரைகளை எடுத்து எண்ணத் தொடங்குகிறேன்.

குமரிச் செவிலி (மூன்று வாரம் கழித்து):

ஐயா, கணக்கு முடிந்தது. பத்துக் கட்டுரைகளில் மொத்தம் 214 பிழைகள். அவற்றில் 'தி' தொடர்பானவை 81, 'எஸ்' தொடர்பானவை 67, காற்புள்ளி 29. மீதி எல்லாம் சில்லறை. கடினமான இலக்கணம்தான் என்னைத் தடுக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். முதியோர் கட்டுரையைத் திரும்ப எழுதினேன். முன்னுரையிலேயே, மருத்துவச் செலவை அரசும் அன்றாடக் கவனிப்பைக் குடும்பமும் ஏற்க வேண்டும் என்று என் நிலையைச் சொல்லிவிட்டு, இரண்டு தரப்புக்கும் ஒவ்வொரு பத்தி கொடுத்தேன். 274 சொற்கள், 36 நிமிடம், ஒன்பது பிழைகள். இன்னும் ஒரே ஒரு சந்தேகம்: இதுவரை தாளில்தான் எழுதினேன், கணினிக்கு மாறலாமா?

மதுரை ஆங்கில ஆசிரியர்:

தட்டச்சு தடையின்றி வருமானால் மாறுங்கள். திரை சொற்களை எண்ணிக் காட்டும் என்பதால் 380-க்குப் போகும் ஆபத்து குறையும். விடுபட்ட 'எஸ்' எழுத்தை அடித்தல் திருத்தல் இல்லாமல் சேர்க்கலாம். பிழையைத் திரை சுட்டிக்காட்டாது என்பதால் பயிற்சியின்போதும் பிழை காட்டும் வசதியை அணைத்துவிட்டே எழுதுங்கள். நிமிடத்துக்கு 25 சொற்களுக்குக் குறைவாகத் தட்டச்சு செய்பவரென்றால் தாளிலேயே இருங்கள்.

குமரிச் செவிலி:

இன்று சோதித்துப் பார்த்தேன் ஐயா, 31 வருகிறது. செப்டம்பரில் கணினித் தேர்வுக்குப் பதிவு செய்துவிட்டேன். அதற்கு முந்தைய வாரம் இரவுப் பணி வேண்டாம் என்று வார்டு பொறுப்பாளரிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.