கடக்கரை வீட்டுல கேம் ஆர்ட் புக் சேக்குறவங்க இருக்கீங்களா? பக்கமெல்லாம் ஒட்டிக்கிச்சு

பாம்பன்காத்து:
வணக்கம் மக்களே, நமக்கு தங்கச்சிமடம். வீட்டு மாடில நின்னா கடல் தெரியும், அதான் இப்ப பிரச்சினையே. ஆறு வருசமா சம்பளத்துல மிச்சம் புடிச்சு ஃபேண்டசி கேம்களோட ஆர்ட் புக்கா (கேமுக்காக வரைஞ்ச படங்களத் தொகுத்த புக்கு) வாங்கிட்டு வர்றேன், மொத்தம் பதினாலு இருக்கு. டார்க் சோல்ஸ், ப்ளட்போர்ன், ஓகாமி, எல்டன் ரிங் ரெண்டு வால்யூம், இன்னும் சிலது. உண்மையச் சொன்னா இதுல பாதி கேமை நான் முடிச்சதே இல்ல, ஆனா ஒரு வாளுக்கு எத்தன பிடி வரைஞ்சு பாத்து எதை விட்டாங்கன்னு ராத்திரி படுத்துக்கிட்டே புரட்டுறதுல ஒரு கிறுக்கு.

எல்லாத்தையும் ஸ்டீல் பீரோல, அம்மாவோட பட்டுச்சேலைக்குக் கீழ்த்தட்டுல வச்சிருந்தேன். ஐப்பசி மழையப்ப அக்காவுக்குப் பிரசவம்னு மதுரையில இருபது நாள் தங்கிட்டேன், பீரோவ யாரும் தொறக்கல. பின்னாடி செவுரு ஓதம் ஏறி பீரோ வரைக்கும் ஈரம் வந்துருக்கு. வந்து பாத்தா ஓகாமி புக்குல கடைசி பதினாறு பக்கம் பலகை மாதிரி ஒண்ணா ஒட்டிக் கெடக்கு. ஓரத்துல லேசா நகத்த விட்டு நெம்புனேன், அந்தக் கேம்ல வர்ற வெள்ளை ஓநாயோட வாலு உரிஞ்சு எதிர்ப்பக்கத்துக்குப் போயிருச்சு. அதோட கைய எடுத்துட்டேன். ப்ளட்போர்ன் அட்டைக்குள்ள இருந்து வெள்ளிக் கலர்ல வாலு மூணா பிரிஞ்ச பூச்சி ஒண்ணு ஓடுச்சு வேற.

ஒட்டுனதப் பிரிக்க வழி இருக்கா? இனிமே எங்க வைக்கிறது? அப்புறம் இன்னொன்னு, ஜப்பான் ஓவியர் அமானோ ஃபைனல் ஃபேண்டசி கேமுக்கு வரைஞ்ச ஓவியங்க மூணு வால்யூம் பெட்டி செட்ட ஒருத்தர் பாதி வெலைக்குத் தர்றேங்குறாரு. வெல பாத்தா ஆசையாவும் இருக்கு பயமாவும் இருக்கு.

கீழக்கரையான்:
தம்பி, மொதல்ல நகத்த விடாதீங்க, கத்தியும் வேணாம், இஸ்திரிப்பெட்டி வேணவே வேணாம் (ஒருத்தர் வச்சுப் பாத்துருக்காரு, யாருன்னு கேக்காதீங்க). ஆர்ட் பேப்பர் மேல வழவழன்னு இருக்குறது வெண்களிப் பூச்சு. ஈரம் பட்டா அது எளகும், அப்படியே அழுத்தத்துல காஞ்சா ரெண்டு பக்கமும் ஒரே பக்கம் ஆயிரும். ஈரமா இருக்கும்போதே பாத்துருந்தா ஒவ்வொரு தாளுக்கு நடுவுலயும் ஒட்டாத பேக்கிங் பேப்பர் (கேக்குக்கு அடியில போடுறது) சொருகி ஃபேன் காத்துல வச்சுக் காப்பாத்தியிருக்கலாம். உடனே முடியலன்னா கவர்ல கட்டி ஃப்ரீசர்ல போட்டு வச்சுட்டு அப்புறம் நெதானமா பாக்கலாம். காஞ்சிருச்சுன்னா அந்தப் பக்கம் போனது போனதுதான், மத்த பக்கத்தக் காப்பாத்துங்க.

எங்க காக்கா (அண்ணன்) துபாய்ல இருக்காக, வரும்போதெல்லாம் ரெண்டு புக்கு கொண்டாருவாக. செல்டா புக்கு, பச்சை அட்டை தங்க எழுத்து, 2013ல இங்கிலீஷ்ல வந்தது, அத இதே மாதிரி ஒரு மழைக்குப் பறிகொடுத்தேன். அதுல இருந்து பீரோவே கெடையாது. ரப்பர் விளிம்பு வச்ச பிளாஸ்டிக் பெட்டி, உள்ள சிலிக்கா ஜெல், கூட ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானி. ஈரப்பதம் ஐம்பது சதவீதத்துக்குக் கிட்ட நிக்கணும், அறுபத்தஞ்சத் தாண்டுனா பூசணம் புடிக்கும். ஜெல்லுல நீலக்கலர் வேணாம், அதுல கோபால்ட் இருக்கு, ஆரஞ்சு வாங்குங்க. நெறம் மாறுனா ஓவன்ல காய வச்சுத் திரும்பப் போடலாம். பெட்டிய வெளிச்செவுத்துல ஒட்டி வைக்காதீங்க, தரையிலயும் வைக்காதீங்க. மழை இல்லாத நாளாப் பாத்து மாசம் ரெண்டு தடவ எடுத்துப் புரட்டுங்க.

ஓடுன பூச்சி ராமபாணம். பசையும் தாளும்தான் அதுக்குச் சோறு. புக்க ஜிப் கவர்ல காத்தில்லாமக் கட்டி ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் போடுங்க, முட்டையும் சேந்து சாகும். வெளிய எடுத்ததும் கவரப் பிரிச்சிராதீங்க, ஒரு நாள் அப்படியே கெடக்கட்டும், இல்லன்னா குளிர்ந்த தாள் மேல வேர்த்து மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

சும்மாபோறவன்:
இவ்ளோ கஷ்டப்படுறதுக்கு பிடிஎஃப்ல பாத்துட்டுப் போலாமே ப்ரோ 😂

அச்சுமை:
பரமக்குடி பக்கம் ஆஃப்செட் பிரஸ்ல பதினேழு வருசமா நிக்கிறேன், கேம் பத்தி ஒண்ணும் தெரியாது, எங்க பையன் இந்த இழையக் காட்டுனான். தம்பி சொன்ன பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். ஒரே தாளை மடிச்சு வர்றது. அதனால கடைசி ஃபாரம் மட்டும் போயிருக்கு, முன்னாடி உள்ளதெல்லாம் நல்லா இருக்கணும். பின்னட்டைப் பக்கம்தான செவுத்தப் பாத்து இருந்துச்சு?

பாதி வெல செட்டுக்கு வருவோம். நூறு ரூபாய்க்குள்ள ஒரு லென்ஸ் வாங்கிக்கிட்டு படத்தப் பாக்காதீங்க, சின்ன கறுப்பு எழுத்தப் பாருங்க. ஒரிஜினல்ல எழுத்து கறுப்பு மை ஒண்ணுலயே அடிச்சிருக்கும், ஓரம் கத்தி மாதிரி வெட்டுன கணக்கா நிக்கும். ஸ்கேன் பண்ணித் திருட்டுத்தனமா அடிச்சதுல எழுத்தும் படத்தோட படமா போயிருது, அதனால எழுத்து ஓரத்துல நீலம், செவப்பு, மஞ்சப் புள்ளி சிதறிக் கெடக்கும். படத்துலயும் ஒரு புள்ளிக்கட்டம் மேல இன்னொரு புள்ளிக்கட்டம் விழுந்து அலை அலையா ஒரு கோலம் தெரியும், வானம் மாதிரி ஒரே நெறமான எடத்துல நல்லாவே தெரியும். முதுகுல நூல் தையலா வெறும் பசையான்னும் கேளுங்க. விக்கிறவரு ஃபோட்டோ அனுப்பத் தயங்குனா அதுவே பதில்.

அரண்மனைவாசல்:
சும்மாபோறவன் தம்பிக்கு: டார்க் சோல்ஸ் டிசைன் புக்கு கடைசில ஒரு பேட்டி இருக்கு. அதுல அழுகிப்போன ஒரு டிராகனைப் பத்திப் பேச்சு வரும். ஓவியர் மொதல்ல உடம்பு பூரா புழு நெளியுற மாதிரி வரைஞ்சாராம். கேமோட டைரக்டர் மியாசாகி வேணாம்னுட்டாரு. அருவருப்பு வேண்டாம், ஒரு காலத்துல கம்பீரமா இருந்த மிருகம் முடிவே இல்லாம அழிஞ்சுக்கிட்டு இருக்குறதோட சோகம் தெரியணும்னு கேட்டிருக்காரு. அதப் படிச்சுட்டு முன்பக்கம் திருப்பி அந்தப் படத்தப் பாக்கணும், வெரல அந்தப் பக்கத்துல வச்சுக்கிட்டு மறுபடி பேட்டிக்கு வரணும். ஃபோன்ல இது நடக்காது தம்பி, நான் முயற்சி பண்ணிப் பாத்துட்டுதான் சொல்றேன்.

நான் ராமநாதபுரத்துல ட்ராயிங் சொல்லித் தர்றேன். பிள்ளைகள ராமலிங்க விலாசம் அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போறப்ப இந்த மாதிரி ஆர்ட் புக்கு ரெண்டையும் பையில எடுத்துட்டுப் போவேன். 18ஆம் நூற்றாண்டு சுவரோவியம், சேதுபதிக்கும் தஞ்சாவூர் மராட்டியருக்கும் நடந்த சண்டை ஒரு செவுரு முழுக்க, துப்பாக்கியும் குதிரையுமா. ஒரு பையன் அதப் பாத்துட்டு டீச்சர் இது கான்செப்ட் ஆர்ட்டான்னு (கேம் செய்றதுக்கு முன்னாடி வரைஞ்சு பாக்குற படம்) கேட்டான். இல்லடான்னு சொல்ல வாய் வரல. புனேல செஞ்ச ராஜி கேம் 2020ல வந்துச்சே, அதுக்கு பஹாடி ஓவியத்துல (இமயமலைப் பக்கத்துப் பழைய ஓவிய பாணி) இருந்துதான் எடுத்துருக்காங்க. எனக்குத் தெரிஞ்சு நம்ம செவுத்த இன்னும் யாரும் தொடல. பாம்பன்காத்து, ப்ளட்போர்ன்ல அந்த மீனவ கிராமப் படங்கள தனுஷ்கோடி சர்ச்சுப் பக்கம் உக்காந்து ஒரு தடவ புரட்டிப் பாருங்க, மத்தியானத்துலயே கொஞ்சம் பயமா இருக்கும்.

பாம்பன்காத்து:
எல்லாருக்கும் நன்றி. அச்சுமை அண்ணே, ஆமா, பின்னட்டைதான் செவுத்தப் பாத்து இருந்துச்சு, எப்படிண்ணே! முன்னாடி ஃபாரம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பெட்டி செட் விக்கிறவர்கிட்ட கறுப்பு எழுத்தக் கிட்டத்துல ஒரு ஃபோட்டோ கேட்டேன், நேத்து சாயந்தரத்துல இருந்து ஆளு ஆன்லைன்லயே இல்ல.

கீழக்கரை பாய், ப்ளட்போர்னக் கட்டி ஃப்ரீசர்ல சீலாவுக்கும் நெத்திலிக்கும் நடுவுல வச்சுட்டேன். அம்மா இது என்ன மீனுடான்னு கேட்டாங்க. ஈரமானியும் வந்துருச்சு, சும்மா பீரோக்குள்ள ஒரு ராத்திரி வச்சுப் பாத்தேன், 81 காட்டுது.

கீழக்கரையான்:
81ஆ! தம்பி, அம்மா சேலையையும் இன்னைக்கே வெளிய எடுங்க.