உதயகுமரன் செய்யாத கொலைக்கு உதயகுமரன் ஏன் சாக வேண்டும்?

வெண்பலகை:
மணிமேகலைக் காப்பியத்தில் காஞ்சனன் என்ற விஞ்சையன் (வித்தியாதரன்), மணிமேகலையை விரும்பித் துரத்தும் இளவரசன் உதயகுமரனை வெட்டிக் கொல்கிறான். மணிமேகலை அப்போது காயசண்டிகையின் உருவில் இருக்கிறாள். தன் மனைவியைத்தான் இவன் துரத்துகிறான் என்று காஞ்சனன் நினைத்துவிடுகிறான். வெறும் ஆள்மாறாட்டம். ஆனால் கந்திற்பாவை, அதாவது தூணில் உறையும் தெய்வப் பாவை, அதோடு விடவில்லை. முற்பிறவியில் இவன் இராகுலனாம். முனிவருக்கு உணவு எடுத்துவந்த சமையல்காரன் கால் இடறி விழ, கோபத்தில் அவனை வாளால் வெட்டினானாம். அந்த வினைதான் இப்போது வந்து சேர்ந்ததாம். சரி, அதே காப்பியம் கடைசிக் காதையில் அநான்மா என்கிறதே. ஆன்மா இல்லையென்றால் இராகுலனிடமிருந்து உதயகுமரனுக்கு வந்தது எது? எதுவும் வரவில்லையென்றால் இது தண்டனையா, அநியாயமா?

பன்னிருசார்பு:
பழைய கேள்வி தோழர். மிலிந்த மன்னன் பௌத்தத் துறவி நாகசேனரிடம் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான். மாம்பழம் திருடியவன், "தோட்டக்காரன் நட்டது வேறு, நான் பறித்தது வேறு" என்றால் அரசன் விட்டுவிடுவானா என்று அவர் திருப்பிக் கேட்டார். நட்டதைச் சார்ந்துதானே பழம் வந்தது? பேதைமை சார்ந்து செய்கை, செய்கை சார்ந்து உணர்வு என்று மணிமேகலையின் ஆசான் அறவணர் அடுக்குவதும் அதைத்தான். தொடர்ச்சி போதும், பயணம் போக ஆள் வேண்டாம். ஒரே உணர்வுதான் பிறவி பிறவியாக அலைகிறது என்று சொன்ன ஒரு பிக்குவைப் புத்தரே கூப்பிட்டுக் கண்டித்திருக்கிறார்.

வெண்பலகை:
மாம்பழக் கதையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அங்கே தண்டனை யாருக்கு? திருடனுக்கு. திருடியவனும் அவனே, அடி வாங்குபவனும் அவனே. நட்டதுக்கும் பழத்துக்கும் உள்ள உறவு எனக்குப் புரிகிறது. ஆனால் உதயகுமரன் விஷயத்தில் அடி வாங்குவது திருடன் அல்ல, பழம்!

பன்னிருசார்பு:
இருபது வயதில் கொலை செய்தவன் அறுபதில் பிடிபடுகிறான். உடம்பு மாறிவிட்டது, புத்தி மாறிவிட்டது, குடிபோதையில் செய்ததால் நினைவுகூட இல்லை. விட்டுவிடலாமா?

வெண்பலகை:
அங்கே நடுவில் சாவு இல்லை. அதே உடம்பு நாற்பது வருஷம் அறுபடாமல் வந்திருக்கிறது.

பன்னிருசார்பு:
அப்படியென்றால் உங்கள் சண்டை அநான்மாவோடு இல்லை. உடம்பு போன பிறகும் மனம் தொடர முடியுமா என்பதுதான் உங்கள் கேள்வி. அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

திண்ணைவாசி:
நடுவில் வருகிறேன். இந்த முரண்பாட்டை அம்பேத்கர் மூடி மறைக்கவே இல்லை. 1957இல், அவர் மறைந்த பிறகு வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' முன்னுரையிலேயே, ஆன்மா இல்லாமல் கர்மமும் மறுபிறப்பும் எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். உடலின் பூதங்கள் இயற்கையில் கலந்து மறுபடி சேர்வதுதான் மறுபிறப்பு என்பது அவர் விளக்கம். போன பிறவிப் பாவத்தால்தான் இவன் இப்படிக் கிடக்கிறான் என்ற பேச்சுக்கு அதில் இடமே கிடையாது. எனக்கு அது போதும்.

பன்னிருசார்பு:
அந்தப் பேச்சைப் பழைய சுத்தங்களும் (புத்தரின் உபதேசங்களைத் தொகுத்த பாலி நூல்கள்) ஏற்கவில்லை ஐயா. எல்லா வேதனையும் முன்வினைதானா என்று சீவகன் என்ற பரிவிராசகர் (ஊர் ஊராகத் திரியும் துறவி) கேட்டபோது புத்தர் எட்டுக் காரணம் சொன்னார்: பித்தம், கபம், வாதம், மூன்றும் கலந்தது, பருவ மாற்றம், கவனக்குறைவு, பிறர் தாக்குவது, கடைசியாகத்தான் வினை. ஆனால் மறுபிறப்பையே எடுத்துவிட்டால் பௌத்தத்தில் மிச்சம் என்ன?

வெண்பலகை:
சுத்தங்களை எடுத்தீர்கள் என்றால் பாயாசியையும் பேசுவோம். மறுமை இல்லை என்று சாதித்த சிற்றரசன். திருடனை உயிரோடு பானையில் அடைத்து, வாயை ஈரத்தோலால் மூடி, களிமண் பூசி, அடுப்பில் ஏற்றிவிட்டு, திறக்கும்போது உயிர் வெளியே போகிறதா என்று பார்த்தான். கொடூரம்தான். ஆனால் அவனோடு வாதிட்ட பிக்கு குமார காசியபரின் பதில்தான் எனக்கு வேடிக்கை. நீ பகலில் தூங்கிக் கனவு காணும்போது உன் உயிர் போய்வருவதைப் பணிப்பெண்கள் பார்க்கிறார்களா என்கிறார். ஆன்மா இல்லை என்பவர் எதற்கு உயிர் போய்வருவதைப் பற்றி வாதாட வேண்டும்?

பன்னிருசார்பு:
பாயாசி உயிரைத் தேடினான், அவன் பேச்சிலேயே அவனை மடக்கினார். அது வாதத் தந்திரம், சித்தாந்தம் இல்லை.

திண்ணைவாசி:
இது நல்ல வழி. மாட்டிக்கொண்டால் தந்திரம், இல்லாவிட்டால் சித்தாந்தம்.

பன்னிருசார்பு:
கிண்டல் இருக்கட்டும், என் கேள்விக்கு வாருங்கள். செத்ததும் எல்லாம் முடிந்துவிடும் என்றால் துக்கமும் அன்றோடு எல்லோருக்கும் முடிகிறது. கொலைகாரனுக்கும் அதே முடிவு, துக்கத்திலிருந்து விடுபட்ட அரகந்தருக்கும் அதே முடிவு. துக்கம் தீரப் புத்தர் சொன்ன எண்வழி எதற்கு?

வெண்பலகை:
சாகும்வரை இருக்கிற வருஷங்களுக்கு. பல்வலிக்காரனிடம், எப்படியும் ஒருநாள் சாகத்தானே போகிறாய் என்று சொல்லி யாரும் வைத்தியத்தை நிறுத்துவதில்லையே.

பன்னிருசார்பு:
வலி குறைந்தால் போதும் என்பவருக்கு அது சரி. சித்தார்த்தர் வீட்டைவிட்டுப் போனது வலி குறைய அல்ல. "இதுவே கடைசிப் பிறப்பு, இனி மறுபிறப்பு இல்லை" என்று முதல் உபதேசத்திலேயே அறிவிக்கிறார். அந்த வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

திண்ணைவாசி:
வெண்பலகை, இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா? எனக்கும் அந்த இடத்தில்தான் இடிக்கிறது.