பீட்டாமேக்ஸைக் கவிழ்த்தது 1984 விளம்பரமா, டேப்பின் நீளமா?

மேக்னடிக்: பீட்டாமேக்ஸ், சோனியின் வீட்டு வீடியோ கேசட் முறை; ஜேவிசியின் விஎச்எஸ் முறையிடம் சந்தையில் தோற்றது. 1984 ஜனவரி 25 தொடங்கி நாலு நாள் சோனி ஜப்பான் நாளிதழ்களில் ஒரு தொடர் விளம்பரம் கொடுத்தது. "பீட்டாமேக்ஸ் இல்லாமல் போய்விடுமா?", "பீட்டாமேக்ஸ் வாங்கினால் நஷ்டமா?", "பீட்டாமேக்ஸ் இனி என்னவாகும்?" என்று மூன்று நாளும் தலைப்பிலேயே கேள்வி. நாலாம் நாள்தான் "மேலும் மேலும் சுவாரசியமாகும் பீட்டாமேக்ஸ்!" பேப்பரைப் புரட்டுகிறவர் தலைப்போடு நகர்ந்துவிடுவார். சந்தேகமே இல்லாதவர் மனசிலும் சந்தேகத்தை விதைத்தது கம்பெனிதான். அந்த மாசக் கடைசியில் நடந்த பங்குதாரர் கூட்டம் 13 மணி நேரத்துக்கு மேல் இழுத்தது. என் கட்சி, விளம்பரம்தான் குற்றவாளி.

நாடாப்பித்தன்: ஒத்துக்க மாட்டேன். விவகாரம் 1976லேயே முடிஞ்சது. முதல் பீட்டா டெக்கில் (கேசட்டில் பதிஞ்சு ஓட்டிக் காட்டுற மெஷின்) டேப் ஓடும் வேகம் நொடிக்கு 40 மி.மீ. கே-60 கேசட்டில் சுமார் 150 மீட்டர் டேப். வகுத்துப் பாருங்க, ஒரு மணி நேரம் சொச்சம். ஜேவிசியோட முதல் விஎச்எஸ் டெக் எச்ஆர்-3300ல் வேகம் 33.35 மி.மீ., டி-120 கேசட்டில் 246 மீட்டர், ரெண்டு மணி நேரம். ஒரு சினிமாவை முழுசாப் பதிய முடியாத மெஷினை எந்த விளம்பரம் காப்பாத்தும்?

மேக்னடிக்: 1977லேயே பீட்டா-2 என்ற புது முறை வந்து டேப் ஓடும் வேகம் பாதியாச்சே. அதே 150 மீட்டரில் ரெண்டு மணி நேரம் கிடைத்ததே?

நாடாப்பித்தன்: கிடைச்சது, என்ன விலை கொடுத்து? வேகத்தைப் பாதியாக்கினா டிராக், அதாவது டேப்பில் படம் பதியும் கோடு, அகலத்திலும் பாதி. பழைய வேகமான பீட்டா-1ல் 58.5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பீட்டா-2ல் சுமார் 29. விஎச்எஸ் அதே ரெண்டு மணி நேரத்தை 58 மைக்ரானில் பதிஞ்சது. டிராக் குறுகினா, டேப்பில் எழுதிப் படிக்கிற ஹெட்டுக்கு வர்ற சிக்னல் குறையும், படத்தில் இரைச்சல் ஏறும். இதுபோக, சோனியோட பழைய எஸ்எல்-7200 டெக்கில் பீட்டா-2 கேசட் ஓடவே ஓடாது.

ஹெட்டிரம்: நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். இரைச்சல் ஏறும் என்பது சரி. ஆனால் படத்தின் கூர்மையைத் தீர்மானிப்பது ஹெட் டேப்பில் எழுதும் வேகம், டேப் ஓடும் வேகம் அல்ல. ஹெட்டுகளோடு சுழலும் உருளைதான் டிரம்; அது பெரிதானால் எழுதும் வேகமும் கூடும். பீட்டாவின் டிரம் விட்டம் 74.5 மி.மீ., விஎச்எஸ்ஸுக்கு 62. எழுதும் வேகம் நொடிக்கு 6.9 மீட்டருக்கு எதிராக 5.8. பீட்டா-2வுக்குப் போனாலும் அந்தச் சாதகம் கையை விட்டுப் போகவில்லை.

நாடாப்பித்தன்: வீட்டு டிவியில் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாலும் பெரும்பாலானவங்களுக்கு வித்தியாசம் தெரிஞ்சிருக்காது, ஐயா. ஆனா எத்தனை மணி நேரம் பதியும்னு பெட்டி மேலேயே அச்சடிச்சிருக்கும். 1977ல் ஆர்சிஏ கம்பெனி தன்னோட செலக்டாவிஷன் விஎச்எஸ் டெக்குக்கு அமெரிக்காவில் என்ன விளம்பரம் போட்டது? "நான்கு மணி நேரம். 1000 டாலர். செலக்டாவிஷன்." அவ்வளவுதான். ஜப்பானோட மட்சுஷிட்டா கம்பெனி விஎச்எஸ் வேகத்தைப் பாதியாக்கிக் கொடுத்த மெஷின் அது. படம் சுமார்தான், ஆனா ஒரு முழு ஃபுட்பால் ஆட்டம் அடங்கிச்சு.

மேக்னடிக்: பாருங்க, நீங்களே விளம்பரத்துக்கு வந்துட்டீங்க! சோனிக்கும் அந்த வித்தை தெரியாததில்லை. "கொலம்போ பார்ப்பதால் கோஜாக்கைத் தவறவிட வேண்டாம்" என்று இரண்டு டிவி தொடர்களின் பெயரைச் சொல்லி அமெரிக்காவில் விற்றவர்கள்தானே? அதைப் பார்த்துத்தான் யுனிவர்சல் ஸ்டுடியோ, டிவி நிகழ்ச்சியை வீட்டில் பதிவது பதிப்புரிமை மீறல் என்று 1976ல் வழக்குப் போட்டது. 1984 ஜனவரி 17ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்று சோனி பக்கம் தீர்ப்பளித்தது. எட்டே நாளில் ஜப்பானில் "இல்லாமல் போய்விடுமா?" என்று கேட்டது அதே கம்பெனி. நினைத்தாலே வயிறு எரிகிறது.

ஹெட்டிரம்: அந்த நாலு நாள் விளம்பரத்தில் ஹை-ஃபை என்ற உயர்தர ஒலியைக் காட்டியிருக்க வேண்டும். 1983ல் பீட்டாதான் முந்தியது. ஒலியை எஃப்எம் (அதிர்வெண் மாறும்) சிக்னலாக்கி, படத்தின் நிற சிக்னலுக்கும் ஒளிர்வு சிக்னலுக்கும் நடுவில் செருகி, படத்தின் ஹெட்டுகளாலேயே பதிந்தார்கள். விஎச்எஸ்ஸுக்கு டிரம்மில் தனி ஒலி ஹெட்டுகள் தேவைப்பட்டன. கடையில் கண்ணை மூடிக் கேட்டாலே புரிகிற வித்தியாசம் அது.

நாடாப்பித்தன்: ஹை-ஃபை அருமைதான், மறுக்கலை. ஆனா அதே வருஷம் விஎச்எஸ்ஸும் கொண்டுவந்துடுச்சே. 84ல் மட்சுஷிட்டா, ஹிட்டாச்சி, ஷார்ப், மிட்சுபிஷி எல்லாம் அந்தப் பக்கம். சோனியே 1988ல் விஎச்எஸ் டெக் விக்க ஆரம்பிச்சது. ஹை-ஃபையைப் பத்தி நாலு நாள் எழுதியிருந்தா ஷார்ப் கட்சி மாறியிருக்குமா?