மன்னார்குடிப் பரண் பெட்டி

குழு: மன்னார்குடி வீடு
ஞாயிறு

ராமநாதன் (காலை 10.12): பரண் சுத்தம் பண்ண ஆள் வந்திருக்கு. மேற்கு மூலையில இருந்த தகரப் பெட்டியை இறக்கியாச்சு. உள்ள என்ன இருக்குன்னு பாருங்க.

ராமநாதன்: [படம்]

ராமநாதன்: [படம்]

முரளி: அண்ணே, அது என் பெட்டி! பாக்கெட் நாவல் எல்லாம் இருக்கா? கரையான் ஏறலியே?

ராமநாதன்: ஓரத்துல கொஞ்சம் அரிச்சிருக்கு. மேல உன்னோடது. அடியில கௌரி வாரப் பத்திரிகையிலேருந்து கிழிச்சு பைண்டு பண்ணி வச்ச தொடர்கதைங்க. அதுக்கும் கீழ அப்பாவோட வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவலுங்க.

விஜயா: பெரிய அத்தான், எதையும் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடாதீங்க. முதல்ல வெயில்ல காய வைங்க.

யாழினி: பெரியப்பா, வடுவூர்னா நம்ம ஊர்ப் பக்கத்து வடுவூரா? பறவைகள் சரணாலயம் இருக்கே, அதுவா?

ராமநாதன்: அதேதான்மா. அந்த ஊர்க்காரர்தான். கும்பகோணம் வக்கீல் அவர் எழுதினது. அதைத்தான் 1950ல திகம்பர சாமியார்னு படமா எடுத்தாங்க. நம்பியார் கதாநாயகன். வேஷம் மேல வேஷம் போட்டுக்கிட்டு வருவார். நாவலோட வேகமே தனி. வாக்கியம் அரைப் பக்கம் நீளும், ஆனா கதை எங்கயும் நிக்காது. உங்க தாத்தா திண்ணையில உக்காந்து சத்தமா வாசிப்பார், தெருவுல நாலு பேர் நின்னு கேப்பாங்க.

கார்த்தி: மாமா, சங்கர்லால் இருக்கா பெட்டியில?

ராமநாதன்: ரெண்டு இருக்கு. தமிழ்வாணன் எழுதின துப்பறியும் சங்கர்லாலுக்குத் தேநீர் குடிச்சாத்தான் மூளை ஓடும். அதைப் படிச்சுட்டு நானும் பள்ளிக்கூடக் காலத்துல டீ குடிக்க ஆரம்பிச்சேன். இன்னைக்கு வரைக்கும் விடல.

முரளி: எனக்கு நரேந்திரன் வைஜயந்திதான். ஈகிள்ஸ் ஐ துப்பறியும் ஏஜென்ஸி ஆளுங்க. சுரேஷ், பாலகிருஷ்ணன்னு ரெண்டு பேர் சேர்ந்து சுபாங்கற பேர்ல எழுதறாங்கன்னு முதல்ல எனக்குத் தெரியாது. ரொம்ப நாள் ஒரு பொம்பளை எழுதறதாத்தான் நினைச்சேன். ரெண்டு கை எழுதின தடம் எங்கயுமே தெரியாது, அதுதான் அவங்க திறமை.

விஜயா: பட்டுக்கோட்டை பிரபாகரை விட்டுட்டீங்களே. அவரோட துப்பறியும் ஜோடி பரத், சுசீலா. சுசீலா டீ ஷர்ட்ல என்ன வாசகம் வரப்போகுதுன்னு பாக்கறதுக்காகவே எங்க ஹாஸ்டல்ல புத்தகம் கை மாறும்.

கார்த்தி: நான் கோயமுத்தூர்க் கட்சி. ராஜேஷ்குமார். திருப்பூர் பஸ்ல ஏறி உக்காந்தா இறங்கறதுக்குள்ள ஒண்ணு முடிஞ்சுடும். போன வாரம் கூட பழைய புத்தகக் கடையில நாலு வாங்கினேன். ஒரு அத்தியாயம் ஒரு இடத்துல, அடுத்த அத்தியாயம் சம்பந்தமே இல்லாத வேற ஆளுங்க, வேற ஊரு. ரெண்டு தண்டவாளமும் எங்க சேரப் போகுதுன்னு நாம யோசிச்சுக்கிட்டே போகணும். துப்பறியற விவேக் வர்ற வரைக்கும் ஒரு தவிப்பு இருக்கும் பாருங்க, அது எனக்கு வேற எவர் எழுத்துலயும் கிடைக்கல. 1500 நாவலுக்கு மேல எழுதியிருக்கார்.

யாழினி: அத்தான், எங்க ஆபீஸ்ல தமிழ் படிக்கத் தெரியாத ஒரு பொண்ணு ராஜேஷ்குமார் படிச்சிருக்கா! 2008ல பிளாஃப்ட்னு சென்னைப் பதிப்பகம் தமிழ் பல்ப் கதைகளை, அதாவது இந்த மாதிரி மலிவுப் பதிப்புக் கதைகளை, ஆங்கிலத்துல தொகுத்துப் போட்டாங்க. ப்ரீதம் சக்ரவர்த்தி மொழிபெயர்ப்பு. அதுல சுபாவும் இருக்காங்க, பிரபாகரும் இருக்கார். அவ என்கிட்ட வந்து ‘நீ தமிழ்லயே படிக்கலாமே, எவ்வளவு அதிர்ஷ்டம்’னா. அன்னைக்குத்தான் நான் ஒழுங்கா படிக்க ஆரம்பிச்சேன்.

முரளி: இதை அப்பாகிட்ட சொல்லவே இல்லையேடி.

விஜயா: இந்திரா சௌந்தர்ராஜன் போனப்போ ரெண்டு நாள் எனக்கு மனசே சரியில்ல. 2024 நவம்பர். டிவியில அவரோட மர்ம தேசம் தொடர் ஓடின காலத்துல அந்த நேரம் தெருவே வெறிச்சோடிக் கிடக்கும். அதுல வந்த விடாது கருப்பு தலைப்பு இசை கேட்டா இவ அப்பா எழுந்து வாசக் கதவைத் தாழ் போடுவார். சித்தர், நவபாஷாணம், குலதெய்வம்னு நம்ம வீட்டுல பாட்டி பேசற விஷயங்களை வச்சே பயமுறுத்தினார். வெளியூர்ப் பேய் இல்ல, நம்ம கருப்பசாமி. அதனாலதான் அந்தப் பயம் உள்ள இறங்குச்சு.

யாழினி: அம்மா, அவர் நாவல் எதுல ஆரம்பிக்கலாம்?

விஜயா: விட்டுவிடு கருப்பா. தனியா இருக்கறப்ப படிக்காத.

முரளி: நீ இப்ப என்ன படிக்கற?

யாழினி: ஜெயமோகனோட விசும்பு முடிச்சேன்பா. அறிவியல் புனைகதைத் தொகுப்பு. சித்த மருத்துவம், பறவைன்னு நம்ம மண்ணுல இருந்தே அறிவியலை யோசிக்கறார். அதுக்கு முன்னாடி சுஜாதாவோட என் இனிய இயந்திரா ரெண்டாவது தடவை. கதை நடக்கற காலத்தை நாம தாண்டியே வந்துட்டோம், ஆனா அந்த ஜீனோ நாய்க்குட்டி இன்னும் புதுசா இருக்கு. இயந்திர நாய், புத்தகம் படிக்கும், வாதாடும். சாட்பாட் எல்லாம் வந்த பிறகு படிச்சா உடம்பு சிலிர்க்குது.

கௌரி (காலை 11.05): அண்ணா, அந்த பைண்டுல காக்கித் துணி போட்டது இருக்கா? முதுகுல சிவப்பு மையில பேர் எழுதியிருப்பேன்.

கார்த்தி: அம்மா, டாக்டர் போனைப் பாக்க வேணாம்னு சொல்லியிருக்கார். கண்ணு ஆபரேஷன் ஆகி ஆறு நாள்தான் ஆகுது.

கௌரி: நான் பாக்கலடா. பக்கத்து வீட்டுப் பொண்ணு வாசிச்சுச் சொல்லுது, நான் சொல்லச் சொல்ல எழுதுது.

ராமநாதன்: இருக்கு கௌரி. கரையெல்லாம் செண்பகப்பூ. சுஜாதா. மை மங்கிப் போச்சு, ஆனா படிக்க முடியுது.

கௌரி: கடைசிப் பக்கத்தைப் பாருங்க. முடிவு இருக்காது.

ராமநாதன்: ஆமா. ‘தொடரும்’னு நிக்குது.

கௌரி: கடைசி அத்தியாயம் வந்த வாரம் அம்மாவைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோம். வீட்டுல ஆள் இல்லாம பத்திரிகை எதிர் வீட்டுக்குப் போச்சு. திரும்பி வரல. நான் கேக்கவும் இல்ல, அப்ப அம்மா நிலைமை அப்படி. அடுத்த வருஷம் கல்யாணம். போன வீட்டுல கதைப் புத்தகம்னாலே ஆகாது. படமா வந்தது, பாக்கல. புத்தகத்துல தெரிஞ்சுக்க வேண்டியதைப் புத்தகத்துலதான் தெரிஞ்சுக்கணும்னு ஒரு பிடிவாதம்.

யாழினி: அத்தை!! அப்ப உங்களுக்கு இன்னும் முடிவு தெரியாதா?

கௌரி: தெரியாதும்மா. நாட்டுப்பாட்டு சேகரிக்க ஒரு பையன் வருவான், கல்யாணராமன். அந்தப் பழைய ஜமீன் வீட்டுல தங்குவான். ராத்திரியில சத்தம். வெள்ளின்னு ஒரு பொண்ணு, ஊர்க்காரி, அவ்வளவு வெகுளி. சினேகலதா பட்டணத்துலேருந்து வருவா. அத்தியாயம் தொடங்கறப்ப ஒரு நாட்டுப்பாட்டு இருக்கும். நம்ம வயல்ல நடவு நடறவங்க பாடற மாதிரியே. வெள்ளிக்கு என்ன ஆச்சுன்னு யோசிச்சுக்கிட்டே எத்தனையோ நாள் இட்லிக்கு மாவு ஆட்டியிருக்கேன்.

கார்த்தி: அம்மா, நான் படிச்சிருக்கேன். கடைசியில

கார்த்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முரளி: டேய்!

யாழினி: அத்தான், தயவு செஞ்சு வாயைத் திறக்காதீங்க. அப்பாவும் இன்னும் படிக்கல.

விஜயா: அண்ணி, படிச்சீங்களா அதை?

கௌரி: அந்தப் பொண்ணு வாசிக்கறதுக்குள்ள அழிச்சுட்டான்.

கார்த்தி: மன்னிச்சுக்கம்மா. இத்தனை வருஷமா நீ ஒரு வார்த்தை சொல்லலியே. நான் அந்தப் புத்தகத்தை நம்ம வீட்டு ஹால்லயே வச்சுப் படிச்சேன்.

கௌரி: நீ படிச்சுட்டு மூடி வச்சப்ப அட்டையைப் பாத்தேன். எடுத்துப் பாக்கக் கை வரல. முடிஞ்சுடுமேன்னு இருந்துச்சு.

ராமநாதன்: எனக்கும் முடிவு தெரியும் கௌரி. நூலகத்துல எடுத்துப் படிச்சேன். நீ கேட்டிருந்தா அன்னைக்கே வாங்கி அனுப்பியிருப்பேன்.

யாழினி: அத்தை, என்கிட்ட புத்தகம் இருக்கு. கண்ணுக்கு மருந்து விடற வரைக்கும் நீங்க படிக்க முடியாது. நான் வாய்ஸ் மெசேஜ்ல வாசிச்சு அனுப்பறேன். கடைசி அத்தியாயம் இன்னைக்கே அனுப்பட்டுமா?

கௌரி: வேண்டாம். முதல்லேருந்து வாசி. ஒரு ராத்திரிக்கு ஒண்ணு. அவசரமா வாசிக்காத, பாட்டு வர்ற இடத்துல நிறுத்தி நிதானமா. குழுவுல போடு, முரளியும் கேக்கட்டும்.

முரளி: கேக்கறேன்கா. கார்த்தி, நீ ஒரு மாசம் இந்தக் கதையைப் பத்திப் பேசக் கூடாது.

கார்த்தி: சரி மாமா.

யாழினி (இரவு 9.31): [குரல் பதிவு 16.42]

யாழினி: முதல் அத்தியாயம். ஃபேன் சத்தம் கொஞ்சம் கேக்கும், நாளைக்கு நிறுத்திட்டு வாசிக்கறேன்.

முரளி (இரவு 9.50): ஆரம்பமே பிரமாதம். அடுத்தது எப்ப?

விஜயா: நாளைக்குத்தான். அண்ணி சொன்னது சொன்னதுதான்.

கௌரி (இரவு 10.14): [குரல் பதிவு 0.21]

யாழினி: அத்தை, அந்தப் பாட்டு உங்களுக்கு மனப்பாடமா இருக்கா!

கௌரி: [குரல் பதிவு 0.09]

ராமநாதன்: கௌரி, பைண்டை நாளைக்குக் கூரியர்ல போடறேன்.

கௌரி: [குரல் பதிவு 0.12]

கார்த்தி: மாமா, அனுப்ப வேணாமாம். கண்ணு சரியானதும் மன்னார்குடிக்கு வந்து தானே எடுத்துக்கறேன்னு சொல்றாங்க. அதுவரைக்கும் வெயில் படாம பீரோவுல வைக்கச் சொல்றாங்க.

ராமநாதன்: வச்சாச்சு.