மூன்றரை வயது மகன் யாரோடும் சேராமல், தனக்குத்தானே பேசி விளையாடுகிறான்: கவலைப்பட வேண்டுமா?

கேள்வி: வில்லாபுரம்வாசி

அனைவருக்கும் வணக்கம். என் மகனை ஜூன் மாதம் எல்.கே.ஜி. வகுப்பில் சேர்த்தோம். பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாலும் அவன் யாரோடும் சேர்ந்து விளையாடுவதில்லை என்றும், எதைச் செய்தாலும் தனக்குத்தானே பேசிக்கொண்டே இருக்கிறான் என்றும் வகுப்பாசிரியை சொல்கிறார். வீட்டிலும் அப்படித்தான். நேற்று சொப்புச் சாமான்களை, "பெரிய சட்டி கீழ, குட்டிச் சட்டி மேல... ஐயோ விழுந்துருச்சு, மெதுவா வைக்கணும்" என்று சொல்லிச் சொல்லியே அடுக்கினான். பக்கத்தில் என் அண்ணன் மகளும் அதே சாமான்களோடு உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. எங்களோடு நன்றாகப் பேசுகிறான், கேட்டதற்குப் பதில் சொல்கிறான். உசிலம்பட்டிக்கு அனுப்பினால் தெருப்பிள்ளைகளோடு ஓடியாடித் தானாகச் சரியாகிவிடுவான் என்கிறார் மாமியார். மருத்துவரிடம் காட்டலாம் என்கிறார் கணவர். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: உளவியல் விரிவுரையாளர், மதுரை

அம்மா, நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு பழக்கங்களுமே இந்த வயதில் இயல்பாகக் காணப்படுபவை.

முதலில் பேச்சு. குழந்தை தனக்குத்தானே பேசுவதைக் கவனித்து எழுதிய சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, பிறர் நிலையிலிருந்து பார்க்கத் தெரியாத மனத்தின் அடையாளமாக அதைக் கருதினார். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி அதை ஏற்கவில்லை. வேலை கடினமாகும்போது இந்தப் பேச்சு கூடுகிறது என்பதைச் சோதனையில் கண்ட அவர், குழந்தை தன் செயலைத் தானே நெறிப்படுத்திக்கொள்ளும் கருவி இது என்றும், பள்ளி வயதில் இது மறைந்துபோவதில்லை, உள்ளே இறங்கி மௌனச் சிந்தனையாகிறது என்றும் விளக்கினார். பின்னர் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அவர் பக்கமே நிற்கின்றன. உங்கள் மகன் சட்டி விழுந்தவுடன் "மெதுவா வைக்கணும்" என்று சொன்னானே, அது பிழையைக் கண்டு, காரணத்தை ஊகித்து, அடுத்த முயற்சிக்குத் திட்டமிடுவது. அதை முணுமுணுப்பு என்று அடக்கிவிடாதீர்கள்.

அடுத்து விளையாட்டு. அமெரிக்காவின் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் வெளியிட்ட ஆய்வில், தனியாக விளையாடுவது, பிறர் அருகில் உட்கார்ந்து அதே பொருளை வைத்துத் தனித்தனியே விளையாடுவது, கலந்து விளையாடுவது, கூடித் திட்டமிட்டு விளையாடுவது என்று வகைப்படுத்தினார். இதை ஏறியே ஆக வேண்டிய படிக்கட்டாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் மூன்று வயதுக் குழந்தைகள் அருகில் உட்கார்ந்து விளையாடுவதையே கூட்டத்துக்குள் நுழையும் வழியாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதை பேக்மன், பிரவுன்லீ ஆகியோர் 1980இல் காட்டினர். கூடி விளையாட, எதிரில் இருப்பவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஊகிக்க வேண்டும். அது இன்னும் முளைவிடும் பருவம். விம்மர், பெர்னர் 1983இல் நடத்திய சோதனையில், ஒரு சிறுவன் வைத்துவிட்டுப் போன சாக்லேட்டை அவன் இல்லாதபோது வேறு இடத்துக்கு மாற்றுவதாகக் கதை சொல்லி, திரும்பி வந்தவன் எங்கே தேடுவான் என்று கேட்டார்கள். சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே மூன்று வயதுப் பிள்ளைகள் காட்டினார்கள். தனக்குத் தெரிந்தது அந்தச் சிறுவனுக்குத் தெரிந்திருக்காது என்பது நான்கு வயதுக்குப் பிறகே பிடிபடத் தொடங்கியது.

பதில்: ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர், மேலூர் வட்டாரம்

விரிவுரையாளர் ஐயா சொன்னதை நான் பல ஆண்டுகள் கண்ணால் பார்த்தவள். சித்திரைத் திருவிழா முடிந்தால் எங்கள் மையத்துப் பிள்ளைகள் பல நாட்களுக்கு அழகர் விளையாட்டுத்தான் விளையாடுவார்கள். ஒருவன் குதிரை, ஒருத்திக்குத் துண்டுதான் குடை, இன்னொருவன் தண்ணீர் பீய்ச்சுகிறவன். குதிரையாக இருப்பவன் நினைத்தபடி ஓட முடியாது. மற்றவர்கள் நிறுத்தினால் நிற்க வேண்டும். விதிக்குக் கட்டுப்படுவதை அங்கேதான் கற்கிறார்கள். புதிதாக வந்த பிள்ளை ஓரமாக நின்று பார்க்கும். பிறகு தானும் ஒரு துண்டை எடுத்துத் தனியாகப் பிடித்துக்கொண்டு நடக்கும். எப்போது கூட்டத்துக்குள் போனது என்று நமக்கே தெரியாது. அந்த நேரத்தில் "போய்ச் சேர்ந்து விளையாடு" என்று கையைப் பிடித்து இழுத்தால் அழுதுகொண்டு நம் மடிக்கே வந்துவிடும்.

உசிலம்பட்டி யோசனையில் பாதி சரி, தங்கச்சி. தெருவில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் சிறியவர்களைச் சேர்த்துக்கொண்டு விதியைச் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரே வயதுப் பிள்ளைகள் மட்டும் இருக்கும் வகுப்பில் அது கிடைக்காது. ஆனால் பெரிய கூட்டத்தில் திடீரென்று விடாதீர்கள். அண்ணன் மகளோடு மட்டும் மாலைதோறும் விடுங்கள். இருவருக்கும் ஒரே மாதிரிச் சாமான் கொடுத்து, ஒரே ஒரு பொருளை மட்டும் பொதுவில் வையுங்கள். அதைக் கேட்க ஒருவர் மற்றவரிடம் பேசியாக வேண்டும்.

பதில்: குழந்தைகள் நல மருத்துவர்

மேலே உள்ள இரண்டு பதில்களும் எனக்கு உடன்பாடே. இருப்பினும் ஆசிரியையின் சொல்லைத் தள்ளிவிட வேண்டாம். ஒரே வயதுப் பிள்ளைகள் பலரை அருகருகே பார்க்கும் வாய்ப்பு அவருக்குத்தான் உண்டு. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, முகம் பார்க்காமை, பிடித்த பொருளை நம்மிடம் சுட்டிக்காட்டாமை, சொப்பில் சோறாக்குவதுபோன்ற பாவனை விளையாட்டே இல்லாமை, முன்பு பேசிய சொற்கள் குறைந்துபோதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் காத்திருக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னது எந்த வயதிலும் உடனே காட்ட வேண்டிய அறிகுறி. உங்கள் மகன் பேசுகிறான், பதில் சொல்கிறான் என்பது நல்ல செய்தி. ஆனாலும் காது கேட்கும் திறனை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருக்கும் பிள்ளைக்கு, வீட்டின் அமைதியில் கேட்கும் பேச்சு வகுப்பறை இரைச்சலில் தெளிவாகக் கேட்காது. 2013 முதல் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து பரிசோதிக்கும் அரசு மருத்துவக் குழுக்கள் வளர்ச்சித் தாமதத்தையும் பார்க்கின்றன. தனியார் பள்ளியில் படிப்பவர் என்றால் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கே நேராகச் செல்லலாம். போகும்போது அவன் வீட்டில் விளையாடுவதைச் சில நிமிடங்கள் கைபேசியில் பதிவு செய்து எடுத்துச் செல்லுங்கள். புது இடத்தில் பல பிள்ளைகள் பயந்து வாயே திறப்பதில்லை. அந்தப் பதிவுதான் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.