கமிஷன் கவரை நீட்டும்போது எப்படி நிற்பது?

கேள்வி: ஸ்தோத்திரம். கட்டுமான கம்பெனி ஒன்றில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். கம்பி சப்ளை பண்ணுகிறவர் மாசக் கடைசியில் பில்லுக்கு அடியில் ஒரு வெள்ளைக் கவரையும் வைத்து நகர்த்துவார். இதுவரை தொட்டதில்லை. ஆனால் ஜூன் மாசம், பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும். ஜெபித்துவிட்டு எழுந்தாலும் மனசு அந்தக் கவரிடமே போகிறது. இந்த இழுப்பே பாவமா?

பதில் 1: இல்லை தம்பி. எபிரெயர் 4:15 பாருங்கள், இயேசுவும் நம்மைப்போல் எல்லாவிதத்திலும் சோதிக்கப்பட்டார், ஆனாலும் பாவமில்லாதவர். இச்சை கர்ப்பந்தரித்த பிறகுதான் பாவம் பிறக்கிறது என்கிறார் யாக்கோபு (1:15). மனசுக்குள் கவரை எண்ணிப் பார்க்க மட்டும் உட்காராதீர்கள்.

பதில் 2: அண்ணே, ஜெபத்தோடு, கவர் வரும் வழியையும் அடைத்துவிடுங்கள். எஜமான் போத்திபாரின் மனைவி தன்னோடு பாவம் செய்ய நாள்தோறும் அழைத்தும் யோசேப்பு இணங்கவில்லை. அவள் வஸ்திரத்தைப் பிடித்ததும் அதையே விட்டுவிட்டு ஓடினார் (ஆதியாகமம் 39). கம்பி சப்ளை பண்ணுகிறவரைத் தனியாகப் பார்க்காதீர்கள். பில்லை அக்கவுண்ட்ஸில் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தத் தொகையை ரேட்டிலேயே கழித்துத் தரச் சொல்லி, முதலாளிக்கும் தெரியப்படுத்துங்கள். எங்கள் ஸ்டோரில் இப்படித்தான் செய்தோம், கவர் வருவது நின்றது.

கேட்டவர்: ரேட்டில் கழிக்கச் சொல்வது எனக்குத் தோன்றவே இல்லை. திங்கட்கிழமை முதலாளியிடம் பேசுகிறேன். ஃபீஸுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.