தினமும் எழுதணுமா, கதை வரும்போது எழுதணுமா?

மைக்கூடு:
சிறுகதை எழுதத் தொடங்கியிருக்கும் நண்பர், தினமும் இத்தனை வார்த்தை என்று கணக்கு வைக்கணுமா என்று கேட்டார். கட்டாயம் வைக்கணும் என்றேன். ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி ட்ராலோப் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே விடியற்காலை ஐந்தரைக்கு உட்கார்ந்துவிடுவார். எதிரே கடிகாரம், கால் மணிக்கு 250 வார்த்தை. இப்படியே 47 நாவல்கள். நம் ஜெயமோகன் மகாபாரதத்தை நாவல்களாகச் சொல்லும் வெண்முரசை 2014 முதல் 2020 வரை நாளுக்கோர் அத்தியாயமாக எழுதி 26 நாவல்களில் முடித்தார். மனநிலைக்குக் காத்திருந்தால் இது நடக்குமா?

வேப்பமரத்தடி:
நாவலுக்குச் சரி சார். சிறுகதைக்கும் அதே அளவுகோலா? சிறுகதையாசிரியர் மௌனி எழுதியது மொத்தமே சுமார் 24 கதைகள். தினசரிக் கணக்கில் அந்தக் கதைகள் வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். என்ன கதை என்று தெரியாமல் உட்கார்ந்தால் முதல் பக்கம் முழுக்க மழையும் காபியும்தான் வரும்.

மைக்கூடு:
அந்தப் பக்கத்தை வெட்டிவிடுங்கள். கதை பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தில்தான் தொடங்கும். அங்கே போய்ச் சேர முதல் பக்கத்தை எழுதித்தான் ஆகணும்.

வேப்பமரத்தடி:
வார்த்தையை எண்ணுகிறவருக்கு வெட்ட மனசு வராதே! 300 வார்த்தை போனால் அன்றைய கணக்கு உதைக்கும். திருத்துவதும் எழுத்துதான். உங்கள் கணக்கில் அதற்கு இடமில்லை.

நைட்ஷிப்ட்:
இருவருமே நேரம் கையில் இருப்பவர்களாகப் பேசுகிறீர்கள். நான் நர்ஸ். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. எந்த ஐந்தரைக்கு உட்காருவது? பஸ்ஸில் வரும்போது தோன்றுவதை போனில் சொல்லிப் பதிந்துகொள்வேன். லீவு நாளில் நோட்டில் எழுதி, வாய்விட்டுப் படிப்பேன். ‘கதவு திறந்திருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா படுத்திருந்தாள்.’ கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. காதில் மட்டும் ‘இருந்தது, இருந்தது’ என்று இடிக்கும். ‘கதவு திறந்து கிடந்தது. விளக்கு எரிந்தது. அம்மா எழவில்லை’ என்று மாற்றினேன். அம்மாவுக்கு என்ன ஆச்சு என்ற பயம் அப்போதுதான் கதைக்குள் வந்தது.

மைக்கூடு:
அருமை. ஆனால் பஸ்ஸில் சொல்வதும் தினசரிப் பழக்கம்தானே சகோதரி?

நைட்ஷிப்ட்:
இல்லைங்க. நைட் ட்யூட்டி வாரத்தில் ஒரு வரிகூட நகராது. அதனால் அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த இடத்தில்தான் நிறுத்துவேன். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயும் இதைத்தான் சொல்லியிருக்கிறார். மறுபடி நோட்டைத் திறந்தால் எங்கே விட்டோம் என்று தேட வேண்டாம்.

வேப்பமரத்தடி:
கதை உள்ளே ஊறட்டும் என்று நான் சொல்வதும் இதைத்தானே? அந்த வாரம் முழுக்க மனசில் ஓடுகிறது இல்லையா?

நைட்ஷிப்ட்:
ஓடுகிறது. பாதி எழுதி வைத்திருப்பதால்தான் ஓடுகிறது. தொடங்காத கதை எதுவும் வார்டில் எனக்கு ஞாபகம் வந்ததே இல்லை.

மைக்கூடு:
சரி, வார்த்தைக் கணக்கை விட்டுவிடுகிறேன். நண்பரிடம், அடுத்து என்ன என்று தெரியாமல் கதை பாதியில் நிற்கும்போது நோட்டை மூடிவைத்துவிடாதே என்று மட்டும் சொல்கிறேன்.

வேப்பமரத்தடி:
அதற்குச் சம்மதம். ஆனால் முடிவுக் காட்சி தெரியாமல் முதல் வரியை எழுதக்கூடாது என்பதில் நான் மாறமாட்டேன்.

மைக்கூடு:
முடிவு தெரிந்துவிட்டால் எனக்கு எழுதவே தோன்றாது சார். வாங்க, அதையும் பேசிவிடுவோம்.